ப்ளைவுட் பலகையும் வலை ஈயமும்: இழுதூண்டில் செட் கட்டிய அனுபவம்

படகுக்குப் பின்னால் இரண்டு தூண்டில் இழுத்துக்கொண்டு போவது சுலபம். மூன்றாவதைப் போட்டால்தான் வம்பு. படகு லேசாகத் திரும்பினாலே மூன்று தூண்டில் நரம்பும் பின்னிக்கொள்ளும். உட்கார்ந்து சிக்கல் எடுத்து முடிப்பதற்குள் மீன்கூட்டம் எங்கேயோ போயிருக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. தண்ணீர் தெளிந்திருக்கும் நாட்களில், டீசல் இன்ஜின் தடதடக்கும் பைபர் படகுக்கு நேர் பின்னால் வரும் இரையை வஞ்சிரம் அவ்வளவாக மதிப்பதில்லை. இரை படகின் தடத்தை விட்டுப் பக்கவாட்டில் விலகி ஓட வேண்டும். காசிமேட்டில் சிலர் இதற்கு மூங்கில் கழியை இரண்டு பக்கமும் நீட்டிக் கட்டுவார்கள். கழி எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் விலகல்.

வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளில் இதற்கு ப்ளேனர் போர்டு என்று ஒரு பலகையை வைத்திருக்கிறார்கள். மிச்சிகன் மாநிலம் 1966-இல் பசிபிக் கடலைச் சேர்ந்த கோஹோ சால்மனைக் கொண்டுவந்து விட்ட பிறகு, அந்தப் பக்கம் இழுதூண்டில் பெரிய விளையாட்டாகவே வளர்ந்துவிட்டது. ஈரி ஏரியில் வால்ஐ என்ற மீனுக்கும் இதே முறைதான். இருபுறமும் பலகைகள் பல மீட்டர் தள்ளி ஓட, ஒரே படகில் ஆறு, எட்டு தூண்டில்கூட சிக்கலில்லாமல் இழுக்கிறார்கள். இரை எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்பதைப் பலகை பார்த்துக்கொள்ளும், எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை ஈயம் பார்த்துக்கொள்ளும். இந்த வேலைப் பிரிவினைதான் எனக்குப் பிடித்திருந்தது.

கடையில் வரும் சிறிய பலகைகளை நரம்பிலேயே நேராக மாட்டுவார்கள். மீன் பிடித்து இழுக்கும்போது பலகையும் கூடவே வரும், கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்ததும் அதைக் கழற்ற வேண்டும். கடலில், ஆடும் பைபர் படகில் நின்றுகொண்டு அதைச் செய்வது தொந்தரவு. அதனால் பெரிய ரகத்தைத் தேர்ந்தெடுத்தேன். இதில் பலகைக்குத் தனிக் கயிறு உண்டு. படகு நடுவில் நிற்கும் கம்பத்திலிருந்து அந்தக் கயிறு பலகையை இழுக்கும். தூண்டில் நரம்பு அந்தக் கயிற்றில் ஒரு வளையத்தில் தொங்கிக்கொண்டு போகும். மீன் கடித்ததும் நரம்பு வளையத்தை விட்டு விடுபட்டுவிடும். அப்புறம் உங்களுக்கும் மீனுக்கும் நடுவில் எதுவும் கிடையாது.

பலகை எப்படி விலகிப் போகிறது என்பதைக் காசிமேட்டுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விசைப்படகுகளின் பின்னால் தொங்குமே, இழுவலையின் வாயை விரித்துப் பிடிக்கும் கனமான பலகைகள், அதே தத்துவம்தான். பலகையின் முன்விளிம்பு படகை விட்டுச் சற்று வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கும். ஓடும் தண்ணீர் உட்பக்க முகத்தில் மோதி அதை வெளியே தள்ளும். கயிறு உள்ளே இழுக்கும். இரண்டுக்கும் இடையில் பலகை ஓர் இடத்தில் நிலைத்து ஓடும். நான் மாதிரிப் பலகையைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனபோது, வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"இன்னாபா, ட்ரால் பலகை குட்டி போட்டுக்கீதா?"

"ஆமாண்ணா. இது மேலயே மிதக்கும்."

கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். கயிறு கட்டும் இடத்தில் ஒரே ஒரு ஓட்டைதான் இருந்தது. "நாலு ஓட்டை போடு தம்பி. எந்த ஓட்டைன்னு கடல்லதான் தெரியும்" என்றார். அதற்கப்புறம் செய்த எல்லாப் பலகையிலும் நாலு ஓட்டைதான்.

சரி, செய்த விதத்துக்கு வருகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு ஜோடிப் பலகை. ஒவ்வொன்றும் 60 செ.மீ. நீளம், 18 செ.மீ. உயரம், 18 மி.மீ. கனம். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் ப்ளைவுட். புதுத் தகடு முழுசாக வாங்க வேண்டாம், தச்சுப் பட்டறையில் வெட்டு மீதியாகவே இந்த அளவு கிடைக்கும். இரண்டையும் இணையாக, 30 செ.மீ. இடைவெளி விட்டு, இரண்டு த்ரெட் ராடால், அதாவது முழு நீளமும் மரை வெட்டிய கம்பியால், சேர்த்தேன். பலகையின் இரு முகத்திலும் நட்டும் அகல வாஷரும் வரும். ராடு எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 316 ரகமாக இருப்பது நல்லது. 304 விலை குறைவுதான், ஆனால் உப்புத் தண்ணீரில் நாளடைவில் துருப்புள்ளி விடும்.

கவனமாகச் செய்ய வேண்டியது முன்பக்கச் சாய்வு வெட்டு. முன்முனையை 45 டிகிரியில் சீவ வேண்டும். சீவிய முகம் படகைப் பார்த்து இருக்க வேண்டும். அதாவது கூர்முனை வெளிப்பக்கம், படகுப் பக்கம் உள்ள முகம் கொஞ்சம் குட்டை. மாற்றிச் சீவினால் பலகை படகை நோக்கி ஓடிவரும். இதனால் இடப்பக்கப் பலகையும் வலப்பக்கப் பலகையும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக அமையும். இடத்துக்குப் பச்சை, வலத்துக்கு ஆரஞ்சு பெயின்ட் என்று பிரித்துவிட்டேன். விடியற்காலை இருட்டில் படகில் ஏற்றும்போது யோசிக்கவே வேண்டாம். படகுகளின் விளக்கு வழக்கப்படி இடம் சிவப்பு, வலம் பச்சைதான். ஆனால் சிவப்பு டப்பா வீட்டில் இல்லை.

ப்ளைவுட்டில் தண்ணீர் குடிப்பது முகம் இல்லை, ஓரம். அறுத்த ஓரங்களிலும் ஓட்டைகளின் உள்சுவரிலும் எபாக்ஸியைத் தாராளமாகத் தடவி, உறிஞ்ச விட்டு, மறுபடி தடவினேன். ஓட்டைகளைத் தேவைக்கு மேல் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸியால் முழுக்க அடைத்து, அது இறுகியதும் நடுவில் சரியான அளவில் திரும்பத் துளைத்தால் போல்ட் மரத்தைத் தொடவே தொடாது. நேரம் பிடிக்கிற வேலைதான், ஆனால் மரைன் ப்ளைவுட் ஊதிப்போவது பெரும்பாலும் போல்ட் ஓட்டையில்தான் ஆரம்பிக்கிறது.

அடுத்தது மிதப்புக் கணக்கு. மேலே சொன்ன அளவில் ஒரு பலகையின் கொள்ளளவு சுமார் 1,940 கன செ.மீ. ப்ளைவுட்டின் அடர்த்தி 0.65 என்று வைத்தால் எடை 1.26 கிலோ. ஆக ஒரு பலகைக்கு மிச்ச மிதப்பு 680 கிராம் போல வரும், ஜோடிக்கு 1.36 கிலோ. ராடு, நட்டு, வாஷர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய அரைக் கிலோவை விழுங்கிவிடும். மீதி இருப்பது ஒரு கிலோவுக்கும் குறைவு. இதற்கு மேல் பலகை நிமிர்ந்து நிற்க அடி ஓரத்தில் ஈயமும் வேண்டும். அதனால் மேல் ஓரத்தில், இரண்டு ராடுக்கும் இடையே, வலைக்குக் கட்டும் நுரை மிதவைகளை வரிசையாகக் கட்டினேன். அவை தண்ணீருக்கு மேலேயே இருக்கும். அலை பலகையை அமுக்கும்போது மட்டும் வேலை செய்யும். பழைய கட்டுமரத்தின் கட்டை கிடைத்தால் ப்ளைவுட்டை விட அதுவே மேல். எடை குறைவு, மிதப்பு அதிகம். இப்போதெல்லாம் அது லேசில் கிடைப்பதில்லை.

அடி ஈயம் ஒவ்வொரு பலகைக்கும் 150 கிராம். ஈயத் தகட்டைச் சுத்தியலால் தட்டி, பலகையின் அடி ஓரத்தில், நடுவுக்குச் சற்றுப் பின்னால் திருகினேன். முன்னால் வைத்தால் மூக்கு அமுங்கும். இழுக்கும்போது மூக்கு எப்படியும் அமுங்கத்தான் பார்க்கும், நாமும் ஏன் உதவ வேண்டும்?

முதலில் பழவேற்காட்டில் ஓட்டிப் பார்த்தேன். சென்னைக்கு வடக்கே நமக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய நீர்ப்பரப்பு அது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர்க் காயல். ஆனால் ஈரி ஏரியின் சராசரி ஆழம் 19 மீட்டர் என்றால், பழவேற்காட்டின் சராசரி ஏறக்குறைய ஒரு மீட்டர். ஈயத்துக்கு அங்கே வேலையே இல்லை. பலகைக்கு மட்டும் அற்புதமான இடம். பல இடங்களில் தண்ணீரில் இறங்கிப் பலகையின் பக்கத்திலேயே நடக்கலாம், அது எப்படிச் சாய்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

அப்படிப் பார்த்ததில் தெளிவான விஷயம் இது. பலகையின் மேல் விளிம்பு படகுப் பக்கம் சாய்ந்தால், அதன் உள்முகம் கீழே பார்க்கும். தண்ணீர் அதை மேலே தூக்கும், பலகை துள்ளும். மேல் விளிம்பு வெளிப்பக்கம் சாய்ந்தால் உள்முகம் வானத்தைப் பார்க்கும். தண்ணீர் அதை அமுக்கும், பலகை சட்டென்று மூழ்கும். மூழ்குவதை விடத் துள்ளுவது பரவாயில்லை. அதனால் கயிற்றுப் புள்ளியைப் பாதி உயரத்துக்கு ஒரு விரல்கடை மேலே வைத்தேன். ஜோடிப் பலகை தானாகவே அவ்வளவாகச் சாயாது, ஒற்றைப் பலகை செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

முன்பின் விஷயத்தில்தான் பெரியவர் சொன்ன நாலு ஓட்டை உதவியது. கயிற்றைப் பின் ஓட்டைக்கு நகர்த்த நகர்த்த முன்முனை அதிகம் வெளியே திரும்பும், பலகை அதிகம் விலகும், இழுவையும் கூடும். ஓர் எல்லைக்கு மேல் போனால் பலகை தண்ணீரை வெட்டாது, தள்ளிக்கொண்டு நிற்கும். முன் ஓட்டையில் விலகல் குறைவு, ஓட்டம் நிதானம். காயலின் அமைதியான தண்ணீரில் மூன்றாவது ஓட்டை. கடலுக்கு இரண்டாவது.

ஒன்று சொல்லியாக வேண்டும். பழவேற்காட்டில் பலகையை ஓட்டிப் பார்க்கலாம், மீன்பிடிக்க எடுத்துப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே கட்டுவலைக்காரர்களுக்குப் பாடு என்ற முறை உண்டு. எந்தக் குடும்பம் எந்த இடத்தில் எந்த நாளில் வலை கட்டலாம் என்பது ஊர்க் கட்டுப்பாடு. இருபுறமும் கயிறு விரித்துக்கொண்டு அதற்குள் ஓடுவது அவர்கள் தொழிலில் குறுக்கே போவது. கூட வந்த படகுக்காரர் காட்டிய வெற்றிடத்தில் மட்டும் ஓட்டிவிட்டுத் திரும்பினோம்.

கடலுக்கு வந்ததும் எல்லாக் கணக்கும் மாறியது. காரணம் வேகம். பெரிய ஏரிகளில் வால்ஐக்கு மணிக்கு 3 கிலோமீட்டர் சுற்றித்தான் இழுக்கிறார்கள். நம் பைபர் படகின் இன்ஜின், மிகக் குறைத்து வைத்தாலும், அதை விட வேகமாகத்தான் ஓடுகிறது. நாங்கள் போன படகு தள்ளாடாமல் ஓடிய வேகம் 4 நாட், அதாவது மணிக்கு 7.4 கி.மீ. வஞ்சிரத்துக்கு அது ஒத்துவரும் வேகம்தான், அது வேகமான இரையைத் துரத்துகிற மீன். ஏரிக்காரர்கள் எழுதிவைத்திருக்கும் ஈயக் கணக்குக்குத்தான் ஒத்துவராது.

தண்ணீரின் இழுவை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். வேகம் இரட்டித்தால் இழுவை நாலு மடங்கு. ஈயத்தின் எடையோ அப்படியே இருக்கும். நரம்பு எந்தச் சாய்வில் இறங்கும் என்பதை இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. ஏரியில் மணிக்கு 3.2 கி.மீ. வேகத்தில் 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம் ஈயம் கட்டி ஓர் ஆழத்துக்கு இறக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7.4 கி.மீ. வேகத்தில் அதே சாய்வு வேண்டுமானால் 5.3 மடங்கு, அதாவது 300 கிராம் வேண்டும். ஈயம் பெரிதாகும்போது அதன் சொந்த இழுவையும் கூடுவதால் இது குறைந்தபட்சக் கணக்கு. ஈய நரம்பு கதையும் இதேதான். உள்ளே ஈயம் ஓடும், பத்து கெஜத்துக்கு ஒரு நிறம் என்று வரும் அந்த நரம்பு, ஏரி வேகத்தில் ஒரு நிறத்துக்கு ஐந்தடி போல இறங்கும். நம் வேகத்தில் மேலேயே மிதந்து வருவதற்கு அத்தனை காசு கொடுக்க வேண்டாம்.

300 கிராம் ஈயத்தை உருண்டையாகக் கட்டினால் அது தண்ணீரில் குதிக்கும், நரம்பு அதிரும். நீளமாக, ஒல்லியாக வேண்டும். ஈயத்தை உருக்கி வார்ப்பது பலரும் செய்வதுதான். 327 டிகிரியில் உருகிவிடும், ஸ்டவ் போதும். ஆனால் அந்தப் புகை நல்லதல்ல. அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஆவி வெடித்து ஈயம் முகத்தில் தெறிக்கும். அடுக்குமாடி பால்கனியில் செய்யும் வேலை இல்லை அது. வலைக் கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கும் ஈயமணி இருக்கிறதே, வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் பீப்பாய் வடிவ மணி, அதுவே போதும். நடுவில் ஓட்டையோடு வருகிறது. சுமார் 30 கிராம் மணி பத்தை எஸ்.எஸ். கம்பியில் கோத்து, இரு முனையிலும் வளையம் முறுக்கி, மேலே பழைய சைக்கிள் ட்யூபை உறைபோல இழுத்து மாட்டினேன். ஒரு சாண் நீளத்துக்கு வளையக்கூடிய, வழவழப்பான ஈயக்கோல். கனம் கூட்டவோ குறைக்கவோ மணியைச் சேர்த்தால், எடுத்தால் முடிந்தது. முன்முனையிலும் பின்முனையிலும் பால் பேரிங் ஸ்விவல் (தானாகச் சுழலும் இணைப்பு) கட்டாயம். இல்லாவிட்டால் ஈயக்கோல் சுழன்று நரம்பு முழுவதையும் முறுக்கிவிடும்.

ஈயத்தை நரம்பில் நிரந்தரமாகக் கட்டுவதில்லை. இரையை முதலில் 15 மீட்டர் விட்டு, அங்கே ஈயக்கோலைக் கொக்கியில் மாட்டி, இன்னொரு 15 மீட்டர் விட்டு, அப்புறம்தான் நரம்பைப் பலகைக் கயிற்றில் மாட்டுவது. ஐம்பது அடி, ஐம்பது அடி என்று ஏரிக்காரர்கள் செய்யும் கணக்கு இதுதான், இதை மட்டும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஈயத்துக்கும் இரைக்கும் இவ்வளவு தூரம் இருப்பதால் இரை தன் இஷ்டத்துக்கு நீந்தும். மீன் வரும்போது ஈயம் தூண்டில் கழியின் முனைக்கு வந்ததும் கழற்றிப் பையில் போட்டுவிட்டு மீதியை இழுக்கலாம். இரைக்கு முன்னால் அரை மீட்டர் கம்பி. சீலாவும் வஞ்சிரமும் நைலானை ஒரே கடியில் அறுத்துவிடும்.

கயிற்றில் நரம்பை மாட்ட விலை உயர்ந்த கிளிப்புகள் எல்லாம் உண்டு. நான் ஜன்னல் திரையின் பிளாஸ்டிக் வளையமும் ரப்பர் பேண்டும்தான் வைத்திருக்கிறேன். ரப்பர் பேண்டை நரம்பில் இரண்டு முறுக்கு முறுக்கி, அதை வளையத்தில் மாட்டி, வளையத்தைப் பலகைக் கயிற்றில் கோத்து விட்டால், தண்ணீரின் இழுவையே வளையத்தைக் கயிறு வழியாகப் பலகை நோக்கித் தள்ளிக்கொண்டு போகும். வேண்டிய இடத்தில் நரம்பைப் பூட்டினால் அங்கேயே நிற்கும். மீன் அடித்ததும் ரப்பர் அறும். 300 கிராம் ஈயம் இழுக்கும் இழுப்பிலேயே மெல்லிய பேண்ட் அறுந்துவிடுகிறது, அதனால் காய்கறிக் கட்டுக்குப் போடும் தடிமனான ரகம். ஈயம் இல்லாத மேல்தூண்டிலுக்கு மெல்லியது.

பலகைக் கயிறு 3 மி.மீ. பின்னல் நைலான். படகு நடுவில் ஆறடி மூங்கிலை நட்டுக் கட்டி, அதன் உச்சியிலிருந்து இரு பக்கமும் விட்டோம். உயரத்திலிருந்து இறங்குவதால் கயிறு அலையில் படாது. ஏரியில் பலகையை எவ்வளவோ தூரம் விடுவார்கள். கடலில் ஒரு பக்கம் 15 மீட்டருக்கு மேல் நான் விடுவதில்லை. எதிரே வரும் படகுக்குக் கயிறு தெரியாது. பலகை மேல் ஒரு சிவப்புத் துணிக்கொடி கட்டினோம், அப்படியும் ஒருவர் ஒரு கண் அந்தப் பக்கமே வைத்திருக்க வேண்டும். வலை மிதவைகள் தெரிந்தால் உடனே சுருட்டிவிட வேண்டும், கெஞ்சல் கூத்தெல்லாம் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது கடலில் நடமாட்டம் குறைவு, பலகை பழக அதுவே நல்ல நேரம்.

வேகத்தை மொபைலின் ஜிபிஎஸ்ஸில் பார்ப்பவர்களுக்கு ஒன்று. அது காட்டுவது தரையைப் பொறுத்த வேகம். பலகைக்கும் ஈயத்துக்கும் தெரிந்தது தண்ணீரைப் பொறுத்த வேகம் மட்டும்தான். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் தெண்டி வெள்ளம் என்ற நீரோட்டம் 1 நாட் இருக்கிறது என்றால், தெற்கே போகும்போது மொபைல் 3 காட்டும், பலகை 4-ஐ உணரும். திரும்பி வடக்கே வரும்போது மொபைலில் அதே 3 வைத்தால் பலகை 2-இல் தொய்ந்து கிடக்கும், ஈயம் தரைக்குப் போய்விடும். அதனால் மொபைலைப் பையில் போட்டுவிட்டுப் பலகைக் கயிற்றின் விறைப்பையும், ஈயம் கட்டிய நரம்பு தண்ணீருக்குள் இறங்கும் சாய்வையும்தான் பார்க்கிறேன். வேகத்தை இன்னும் குறைக்க வேண்டியிருந்தால், அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்றைப் பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டித் தண்ணீரில் விடுவோம். பார்க்க அசிங்கம், ஆனால் இன்ஜின் அதே சத்தத்தில் ஓட, படகு ஒரு நாட் குறையும்.

திருப்பத்தில் கிடைக்கும் பாடம் வேறு எதிலும் கிடைக்காது. படகு இடப்பக்கம் வளைந்தால் இடப்பலகை வேகம் குறைந்து கயிறு தளரும், அதன் தூண்டிலில் ஈயம் இறங்கும். வலப்பலகை வேகமெடுக்கும், அதன் இரை மேலே ஏறும். உள்பக்கத் தூண்டிலில் அடி விழுந்தால் மீன் ஆழத்தில் இருக்கிறது, அல்லது நிதானமான இரையைக் கேட்கிறது. எங்களுக்கு விழுந்த அடிகளில் பெரும்பாலானவை இப்படி உள்பக்கத்தில், திருப்பத்தின் நடுவில்தான். அதைப் பார்த்து ஈயக்கோலில் நாலு மணி கூட்டினோம். அதற்கப்புறம் நேர் ஓட்டத்திலேயே சீலா எடுக்க ஆரம்பித்தது. மிக வேகமாகத் திரும்பினால் உள்பலகை நின்றே போய்விடும், கயிறு புரொபெல்லரை நோக்கி வரும். வளைவு அகலமாக இருக்கட்டும்.

கரைக்கு வந்ததும் பலகைகளை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் நிறுத்திவைக்கிறேன். ரப்பர் பேண்ட் மட்டும் வெயிலிலும் உப்பிலும் சீக்கிரம் உளுத்துவிடுகிறது, ஒவ்வொரு முறையும் புதுப் பாக்கெட். அடுத்த ஜோடிக்கு 12 மி.மீ. ப்ளைவுட் போட்டு, மிதவையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். இப்போதிருப்பது இரண்டு கையாலும் தூக்கி இறக்குகிற கனம்.